பொன்சோ தூக்கிப்போன மோட்டார்

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் கிணற்று மோட்டார் படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் இரைந்தது, சுற்றவில்லை. தொட்டியில் அரையடித் தண்ணீர்தான் மிச்சம். பெரிய அண்டாக்களில் கடற்கரை விடுதியின் முப்பது படுக்கை விரிப்புகள் சோப்பு நுரையில் ஊறிக் கிடந்தன.

நான் துணி வெளுத்துக் கொடுக்கிறவள். பெயர் பெலிசா. என் புருஷன் டெல்பின் டிரைசைக்கிள், அதாவது பக்கத்தில் இருக்கை பூட்டிய பைக், ஓட்டுகிறான். வீட்டுப் பின்புறம் இரண்டு வாஷிங் மெஷின், ஆறு கயிறு, ஒரு கிணறு. அதுதான் என் தொழிற்சாலை. தண்ணீர் இல்லையென்றால் நான் வெறும் அழுக்குத் துணிக் கிடங்கு.

பொன்சோவுக்குச் சொல்லி அனுப்பினேன். எங்கள் பரங்கையில், அதாவது எங்கள் ஊர்ப் பகுதியில், மோட்டார், மின்விசிறி, ஏசி எதுவானாலும் பொன்சோதான். போதாக்குறைக்கு என் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் என் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவர். அந்த முறையில் அவர் என்னை 'மாரே' என்று கூப்பிடுவார். டெல்பினுக்கு அவர் 'கும்பாரே', எனக்கு 'குயா', அண்ணன்.

வந்ததும் வராததுமாக, "என்ன மாரே, ஊரு துணியெல்லாம் வெளுக்கறீங்க, நீங்க குளிச்சு எத்தனை நாளாச்சு?" என்று சிரித்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மோட்டாரில் காதை வைத்தார். மூக்கை வைத்தார்.

"கரிஞ்ச வாசனை அடிக்குதே."

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே குயா."

"உங்க மூக்கு சோப்புலயே செத்துப் போச்சு. போய் ஒரு பழைய துணி எடுத்துட்டு வாங்க."

துணியோடு திரும்பி வரும்போது பார்த்தேன். மோட்டாரின் பின்பக்கக் கம்பிவலைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு உள்ளே இருந்த விசிறியை ஒரு தட்டு தட்டினார். மோட்டார் 'விர்ர்ர்' என்று ஓட ஆரம்பித்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"ஓடுதே!" என்று கத்தினேன்.

அவர் சட்டென்று சுவிட்சை அணைத்தார். "இது ஓட்டமில்ல மாரே. தலை வெட்டின கோழி நாலு எட்டு ஓடும் பாத்திருக்கீங்களா? அது மாதிரி. உள்ள காயில் கருகிப் போச்சு. இது செத்தாச்சு."

பிள்ளையை ஏந்திய கை சொல்கிறது. நம்பாமல் என்ன செய்வேன்?

"திரும்பச் சுத்த முடியாதா?"

"சுத்தலாம். ரெண்டு மாசத்துல மறுபடி போகும். புதுசு போட்டுடுங்க. மணிலாவுல இருந்து வரணும், பத்து நாளாகும். இதை நான் பழைய இரும்புக்குப் போட்டுடறேன், உங்களுக்கும் எடஞ்சல் இல்ல." அவரே கழற்றி, அவரே தூக்கி, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பத்து நாளை நான் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பிறகு எனக்கு வந்த கோபம் உங்களுக்குப் புரியாது. கோவிலுக்குப் பின்னால் ஒரு கைப்பம்பு இருக்கிறது. என் வீட்டிலிருந்து அங்கே போக முந்நூற்றுச் சொச்சம் எட்டு. ஒரு நாளைக்கு நாற்பது நடை நடந்தேன். இரண்டு கையிலும் இரண்டு கேன். ஏப்ரல் வெயிலில் சிமெண்டுப் பாதை செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஐந்தாம் நாள் வலது தோளில் ஏதோ 'களுக்' என்று விலகியது. அன்றிலிருந்து அந்தக் கை தலைக்கு மேல் ஏறுவதில்லை. துணி கயிற்றில் போட இடது கைதான். ஏழாம் நாள் விடுதிக்காரி கார் எடுத்துக்கொண்டு வந்து, பாதி வெளுத்ததும் வெளுக்காததுமாகத் தன் விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். "பாவமாத்தான் இருக்கு, ஆனா எனக்கு விருந்தாளிங்க வெறும் மெத்தையிலயா படுப்பாங்க?" என்றாள். பதினொரு வருஷ வாடிக்கை.

பத்தாம் நாள் பொன்சோ பச்சைப் பெயிண்ட் பளபளக்க ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து பூட்டினார்.

"பெட்டி எங்க குயா?"

"வழியில மழையில நனைஞ்சு கிழிஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

ஏப்ரலில் மழை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். அன்று அவருக்குப் புளி போட்டு வேகவைத்த மீனும் சோறும் போட்டேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். "உங்க கைப்பக்குவமே தனி மாரே" என்றார். விலகின கையால் பரிமாறினேன்.

ஜூன் மாதம் சாயோங்கின் சாப்பாட்டுக் கடைக்கு மேசைத் துணிகளைக் கொடுக்கப் போனேன். சாயோங் என் சின்ன வயசுத் தோழி. நான் துணிகளை எண்ணி வைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து 'டக்... விர்ர்' என்று ஒரு சத்தம். என் கை அப்படியே நின்றது. எட்டு வருஷம் ஒவ்வொரு காலையும் அந்த 'டக்'கைக் கேட்டுத்தான் அடுப்புப் பற்றவைத்தேன். தன் குழந்தை இருமினால் தாய்க்குத் தெரியாதா?

பின்புறம் போய்ப் பார்த்தேன். பச்சைப் பெயிண்ட் அடித்த மோட்டார். என் மோட்டார் நீலம். ஆனால் அதன் இடது பாதம் ஒருதடவை உடைந்து, டெல்பினின் சித்தப்பா மகன் குடிபோதையில் பற்றவைத்துக் கொடுத்தான். பற்றவைத்த இடம் பிதுங்கி ஒரு சின்னக் கத்தரிக்காய் போல நிற்கும். பச்சைக்கு அடியில் அந்தக் கத்தரிக்காய் அப்படியே இருந்தது.

"இது எப்ப வாங்கினே?"

"மே மாசம். பொன்சோ கொடுத்தார். லிப்பா ஊருல ஒரு சாமியார் வீட்டுல இருந்ததாம், அதிகம் ஓடாததாம்." சாயோங் பெருமையாகச் சொன்னாள். "ஒரு சின்னக் கோளாறுதான் இருந்துச்சாம். இங்கயே உக்காந்து ஒரு சாமானை மாத்தினார், கெப்பாசிட்டராம். பத்து நிமிஷம்கூட ஆகலை."

"கழட்டின பழசு?"

"அதோ."

மேசையில் கை துடைக்கும் தாள்கள் பறக்காமலிருக்க மேலே ஒரு வெள்ளை உருளையை வைத்திருந்தாள். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. பின்னால் இரண்டு வயர். பக்கம் வீங்கியிருந்தது. அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"இது என் மோட்டார்டி சாயோங்."

அவள் முகம் மாறியது. "அதெப்படி? நான் காசு குடுத்து வாங்கினது. இதைக் கொண்டுபோயிடுவேன்னு சொல்லாத. கடைக்குத் தண்ணி வேணும் எனக்கு."

நாற்பது வருஷத் தோழி. முதல் பேச்சே அதுதான். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

நேராக டவுனுக்குப் போனேன். சந்தைத் தெருவில் மெர்லி என்று ஒருத்தி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறாள். என் வயசுதான் இருக்கும், ஆனாலும் மரியாதைக்கு என்னை 'ஆத்தே', அக்கா என்று கூப்பிட்டாள். வெள்ளை உருளையை மேசைமேல் வைத்தேன்.

"இது என்ன?"

"கெப்பாசிட்டர். செத்துப்போனது, வீங்கியிருக்கு பாருங்க. புதுசு வேணுமா? பம்புக்கா?"

"வேணாம். இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் விளையாடவில்லை. ஒரு பழையதை அறுத்துக் காட்டினாள். உள்ளே பளபளவென்று ஒரு சுருள், கோரைப்பாயைச் சுருட்டி வைத்ததுபோல. "ரெண்டு மெல்லிசு உலோகத் தகடு. நடுவுல கரண்டு போகாத பிளாஸ்டிக் தாள். சுருட்டி அடைச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. ஒரு தகட்டுல கரண்டு வந்து சேரும். எதிர்த் தகட்டுக்குப் போகணும்னு துடிக்கும், பிளாஸ்டிக் விடாது. அப்படியே தேங்கி நிக்கும். வெளியில வழி கெடச்சா ஒரே பாய்ச்சல்."

சுவரோரம் ஒரு பெரிய கெப்பாசிட்டரைச் சோதித்துப் பார்த்துக் கழற்றி வைத்திருந்தாள். அதன் இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டாள். 'டொக்' என்று நீலப்பொறி பறந்தது. நான் பின்னால் துள்ளினேன்.

"பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள தேங்கினது போகாது. தெரியாம தொட்டா உதறிடும். அதான் முதல்ல இப்படி காலி பண்ணிடணும்."

"சரி. மோட்டாருக்கு இது எதுக்கு?"

"உங்க வீட்டுல கால் தையல் மிஷின் இருக்கா ஆத்தே? சில நேரம் எவ்வளவு மிதிச்சாலும் சக்கரம் சுத்தாம மேலயும் கீழயும் தவிக்கும்ல. என்ன செய்வீங்க?"

"கையால சக்கரத்தை ஒரு தட்டு தட்டுவேன்."

"அதேதான். வீட்டுக்கு வர்ற கரண்டு முன்னயும் பின்னயும் ஒரே கோட்டுல தள்ளும். எந்தப் பக்கம் சுத்தணும்னு மோட்டாருக்குத் தெரியாது, நின்னு இரையும். அதனால உள்ள ரெண்டு காயில் வச்சிருப்பாங்க. ஒண்ணுக்குக் கரண்டு நேராப் போகும். இன்னொண்ணுக்கு இது வழியாப் போகும். இதுல தேங்கித் தேங்கிப் போறதால அந்தத் தள்ளும் இந்தத் தள்ளும் ஒரே நேரத்துல வராது, ஒண்ணு விட்டு ஒண்ணு வரும். ஒரு கால் மிதிச்சு முடிக்கறப்ப மறு கால் மிதிக்கற மாதிரி. உடனே சுத்த ஆரம்பிச்சிடும்."

"இது செத்துட்டா?"

"சும்மா இரையும். விசிறியைக் குச்சியால ஒரு தட்டு தட்டிவிட்டா ஓடும். தட்டி ஓடுச்சுன்னா காயில் நல்லா இருக்கு, கோளாறு இதுலதான்னு அர்த்தம். அதான் முதல் சோதனை, எந்த மெக்கானிக்கும் செய்வான்."

ஸ்க்ரூடிரைவர். கம்பிவலை. விர்ர்ர். தலை வெட்டின கோழி. அந்த மனிதர் தெரியாமல் செய்யவில்லை. என் கண் முன்னால் சோதித்து, என் மோட்டார் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதைச் செத்ததென்று சொல்லித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் அங்கே நிற்கும்போதே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மேசை விசிறிக்கு ஒன்று வேண்டும் என்று ஒரு பாட்டுக் கடைக்காரன். அவனுக்கே கரோக்கே பெட்டிக்கு வேறொன்று, பாட்டுக்கு நடுவில் உறுமுகிறதாம். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர் ஒருவர், பிளாஷ் அடிக்கவில்லை என்று. மெர்லி எல்லோருக்கும் வெவ்வேறு அளவில் எடுத்துக் கொடுத்தாள். "உறுமலை அமுக்கறதும் இதுதான், பிளாஷுக்குக் கரண்டைச் சேத்து வச்சு ஒரே அடியா விடறதும் இதுதான்" என்றாள். எல்லாமே அரைக் கோழி விலைகூட இல்லை. ஊர் முழுக்க இதனால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் நாற்பத்துமூன்று வயசு வரை இதன் பேர் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"பொன்சோ உன்கிட்டதான் வாங்குவாரா?"

"மாசம் ஒரு டஜன்."

"ஒரு டஜனா! அவரு எத்தனை மோட்டாரை மாத்தறாருன்னு உனக்குத் தெரியாதா?"

"ஆத்தே, நான் சாமான் விக்கிறவ. மருந்துக்கடைக்காரன் யாருக்கு வயித்துவலின்னு கேக்கறானா?"

அவள்மேலும் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. புதிதாக ஒரு கெப்பாசிட்டரும் நல்ல பிடி போட்ட ஒரு ஸ்க்ரூடிரைவரும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

டெல்பின் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"விட்டுடு பெலிசா. நம்ம பிள்ளைக்கு ஞானத்தகப்பன்."

"ஞானத்தகப்பன்னா? அந்தப் பிள்ளையோட ஆத்தாளைப் பத்து நாள் தண்ணி சுமக்க விட்டுட்டு, வந்து உக்காந்து என் மீனைத் தின்னுட்டுப் போனானே!"

"ஊருக்குள்ள மூஞ்சி பாக்கணும். நாளைக்கு வண்டி நின்னா யாரைக் கூப்பிடுவே?"

"உன் வண்டி நிக்கட்டும். நடந்து போ. முந்நூறு எட்டு எப்படி இருக்குன்னு நீயும் பாரு."

"கத்தாதே, பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்க மோட்டாரும் செத்ததுதானே, போன மார்ச்சுல!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பக்கத்து வீட்டு லுமிங் கிழவியின் மோட்டாரும் இரைந்துதான் நின்றது. பொன்சோதான் தூக்கிக்கொண்டு போனார். எத்தனை வீடு? அன்று மாலையே வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஆறு வீடு. ஆறிலும் ஒரே கதை.

மறுநாள் பரங்கை மன்றத்தில் புகார் கொடுத்தேன். எங்கள் ஊரில் அண்டை வீட்டுச் சண்டை எதுவும் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் அங்கேதான் போக வேண்டும். தலைவரை நாங்கள் கப்பித்தான் என்போம். ருபெர்த்தோ என்று பெயர், சொந்தமாகக் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். என் புகாரை வாசித்துவிட்டு, "ஒரு மோட்டாருக்காகவா ஆத்தே? கும்பாரேங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கக் கூடாதா?" என்றார்.

"பேசி முடிக்கத்தான் வந்திருக்கேன். எல்லாரும் கேக்கற மாதிரி பேசணும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடினோம். மன்றம் என்றால் கூடைப்பந்து ஆடும் தகரக் கூரைக்கு ஓரத்தில் நாலு மேசை, இருபது பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலி போதவில்லை, அந்த ஆறு வீட்டுப் பெண்களோடு பாதித் தெரு வந்திருந்தது. சாயோங்கும் ஓரமாக நின்றாள், என்னைப் பார்க்காமல். என் வீட்டுப் பச்சை மோட்டாரைக் கழற்றி டெல்பின் வண்டியிலேயே கொண்டுவந்து மேசைமேல் வைத்தோம்.

பொன்சோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

"கப்பித்தான், தொழில் தெரியாதவங்ககிட்ட என்ன பேசறது?" என்றார், சிரித்தபடி. "அவங்க மோட்டார் இரைஞ்சுக்கிட்டே நின்னுச்சு. அப்படி இரையவிட்டா காயில் கருகிடும். கருகினதை நான் எடுத்துட்டுப் போய், என் உழைப்புல புதுக் காயில் சுத்தி வித்தேன். இதுல என்ன திருட்டு?"

சில தலைகள் ஆடின. நன்றாகத்தான் சொன்னார். இரைந்துகொண்டே விட்டால் கருகும் என்பதும் உண்மைதான், மெர்லியும் சொல்லியிருந்தாள்.

நான் எழுந்தேன். மோட்டாரின் முதுகிலிருந்த மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை உருளை. ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் தொட்டேன். 'டொக்' என்று பொறி பறந்தது, முன்வரிசை அலறியது. வயரைக் கழற்றி உருளையை எடுத்துக் கப்பித்தான் முன்னால் வைத்தேன். பிறகு பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டேன்.

'ம்ம்ம்.'

"கேக்குதா? நல்ல மோட்டார். இந்தச் சின்ன சாமானை எடுத்துட்டா இப்படித்தான் இரையும். இப்ப பாருங்க." ஸ்க்ரூடிரைவரைக் கம்பிவலைக்குள் விட்டு விசிறியைத் தட்டினேன். 'விர்ர்ர்.' ஓடியது. "கருகின காயில் இப்படி ஓடாது. என் வீட்டுல இதையே செஞ்சு பாத்தீங்க, ஓடுச்சு. நான் கத்தினேன். அப்ப என்ன சொன்னீங்க குயா?"

"எதுவும் சொல்லலை. ஓடவும் இல்லை. யாரு பாத்தா?"

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். "உங்க வீட்டுலயும் தட்டினாரா? தட்டி ஓடினதும் என்ன சொன்னாரு?"

மூலையிலிருந்து ஒருத்தி, "தலை வெட்டின கோழி" என்றாள். இன்னொருத்தி, "எனக்கும் கோழிதான்!" என்றாள். அப்புறம் நாலு பக்கமும் ஒரே கோழி. கோழிப்பண்ணைக்காரரான கப்பித்தானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் லுமிங் கிழவி மேசைக்கு அருகில் வந்து என் மோட்டாரைக் குனிந்து பார்த்தாள். "இதைத் திருப்பு" என்றாள்.

"ஏன் ஆலிங்?" என்றேன். வயசான பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"திருப்புடி."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டெல்பினும் நானும் சாய்த்தோம். அடித்தகட்டில் பெயிண்டுக்கு அடியில் ஏதோ கீறல். கிழவி என் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிச் சுரண்டினாள். பச்சை உதிர்ந்து, எழுத்து எழுத்தாக ஒரு பெயர் வந்தது: ரோவேனா. பக்கத்தில் ஓர் இதயம்.

"என் மகன் ரமில் கீறினது! பதினெட்டு வயசுல! இது என் மோட்டார்!"

"யாரு அந்த ரோவேனா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் ரமிலின் பெண்டாட்டி. அவள் பெயர் வேறு. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. மணிலாவும் கிடையாது, மழையும் கிடையாது, பெட்டியும் கிடையாது. லுமிங்கின் மோட்டார் எனக்கு, என்னுடையது சாயோங்குக்கு, இன்னொருத்தியுடையது லுமிங்குக்கு. ஒருவர் வீட்டு மோட்டாரைப் பச்சை பூசி அடுத்த வீட்டில் புதுசு என்று மாட்டியிருக்கிறார். அதைச் செய்து முடிக்கத்தான் அந்தப் பத்து நாள். அந்தப் பத்து நாள் அவர் பெயிண்ட் காய்வதற்குக் காத்திருந்தார். நான் கேன் தூக்கினேன்.

"வாயைத் திறங்க!" என்று கத்தினேன். என் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "பத்து நிமிஷ வேலை! கட்டைவிரல் அளவு சாமான்! அதை மாத்திட்டுப் போயிருந்தா என் கை இப்படி ஆகியிருக்காது. விடுதிக்காரி போயிருக்க மாட்டா. தெரிஞ்சே செஞ்சீங்க. என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே செஞ்சீங்க!"

பொன்சோ எழுந்தார். சிரிப்பு போய்விட்டது. முகம் கறுத்திருந்தது.

"ஆமா, செஞ்சேன். போதுமா?" என்றார். "நீங்க மட்டும் யோக்கியமா? முன்னெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். கெப்பாசிட்டர் போச்சு, மாத்திட்டேன்னு. என்ன குடுத்தீங்க? சாமான் விலையும் ஒரு கிளாஸ் தண்ணியும். 'பத்து நிமிஷந்தானே குயா, கும்பாரேதானே'ன்னு. லுமிங் ஆலிங் எனக்கு ரெண்டு வாழைப்பழம் குடுத்து அனுப்புச்சு. அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள என் இருபது வருஷம் இருக்குன்னு யாராவது நெனச்சீங்களா? பெரிய சாமானைத் தூக்கிட்டுப் போனாத்தான் நீங்க காசை அவுக்கறீங்க!"

லுமிங் கிழவி தரையைப் பார்த்தாள். எனக்கும் சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மெஷினைச் சரிசெய்து கொடுத்தபோது, 'இதுக்குப் போயா?' என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் சுருக்கென்றதால் கோபம் தணியவில்லை; இன்னும் ஏறியது.

"அப்ப கேட்டிருக்கணும்" என்றேன். "இவ்வளவு கூலி, குடுத்தா செய்வேன், இல்லைன்னா போன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கணும். திட்டியிருப்போம், குடுத்துமிருப்போம். உங்களுக்குக் கேக்க வெக்கம். திருடறதுக்கு வெக்கமில்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

கப்பித்தான் தீர்ப்பு எழுதினார். அவரவர் மோட்டார் அவரவருக்கு. பொன்சோவே கழற்றிப் பொன்சோவே பூட்ட வேண்டும், கூலி கிடையாது. 'புதுசு' என்று வாங்கிய காசையும் சாயோங்கின் காசையும் கிறிஸ்மஸுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த திங்களும் செவ்வாயும் டெல்பினின் வண்டி பயணிகளை ஏற்றவில்லை. மோட்டார்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் சூழ்ந்து நின்று, அவர் திருகும் ஒவ்வொரு திருகாணியையும் பார்த்தார்கள். "குயா, கெப்பாசிட்டரை முதல்ல காலி பண்ணுங்க, உதறப்போகுது" என்று மன்றத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொல்லிக் குத்தினார்கள். சாயோங் தன் பின்புறக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ஒரு சட்டி கறியைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினாள். சாப்பிட்டோம். இன்னும் பேசவில்லை.

என் வீட்டில் பூட்டும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பொன்சோவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பூட்டி முடித்து, "மாரே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார்.

"கோவிலுக்குப் பின்னால கைப்பம்பு இருக்கு" என்றேன். "முந்நூறு எட்டுதான்."

டெல்பின் என்னைப் பார்த்தான். வீட்டுக்குள் போய் அவனே ஒரு கிளாஸ் கொண்டுவந்து கொடுத்தான். நான் அதைத் தட்டிவிடவில்லை. அதற்கு மேல் என்னிடம் நல்லதனம் எதிர்பார்க்கக் கூடாது.

பொன்சோவின் கதவில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது: விசிறிக்கு இவ்வளவு, பம்புக்கு இவ்வளவு, பார்க்க வருவதற்கே இவ்வளவு. ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறார்கள். நான் கூப்பிடுவதில்லை. என் பம்பு செப்டம்பரில் ஒருமுறை இரைந்தது. மெர்லி கடையில் வாங்கி நானே மாற்றினேன், இடது கையால். விடுதிக்காரி திரும்பி வரவில்லை. டவுனில் இருக்கிற பெரிய சலவைக்கடையிலிருந்து விடுதிக்கே வந்து எடுத்துப் போகிறார்களாம்.

கிறிஸ்மஸ் அன்று பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். வாசலில் பொன்சோ, கையில் வண்ணத்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு. ஞானத்தகப்பன் அன்று பிள்ளைக்குப் பரிசோடு வராமலிருக்கக் கூடாது, வந்தார். எங்கள் காசை முந்தின வாரமே டெல்பினிடம் கொடுத்து முடித்திருந்தார். டெல்பின் நாற்காலியை இழுத்துப் போட்டான். என் மகன் போய்க் குனிந்து, பெரியவர்களிடம் ஆசி வாங்கும் வழக்கப்படி அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை. பிள்ளைக்கு அவர்மேல் எந்தக் கணக்கும் இல்லை.

"கிறிஸ்மஸ் வாழ்த்துகள், மாரே" என்றார் என்னைப் பார்த்து.

"உங்களுக்கும்" என்றேன். எழுந்திருக்கவில்லை.